தீக்காக்கையும் எங்கள் ஜவுளிக்கடையும்

அந்த யோசனை எனக்கு முதன்முதலில் உதித்தபோது என் கையில் ஓர் அரக்குச் சேலை இருந்தது. கறுப்பு முந்தானை, அதை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு, உடம்பு முழுக்க அரக்கு. மடிக்க எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். "அட, தீக்காக்கை!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எதிரே சேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், கடைக்குள் காக்கா புகுந்துவிட்டதென்று நினைத்து அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.

தேனி கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. எங்களுக்கு என்றால் பெரியப்பாவுக்கு. அப்பாவும் அதில் பங்குதாரர்தான். ஆனால் அப்பா பங்குபெறுவதெல்லாம் பெரியப்பா சொல்வதற்குத் தலையாட்டுவதில் மட்டும். நான் அப்போது விலங்கியலில் பட்டம் வாங்கியிருந்தேன். காட்டுயிர் மேற்படிப்புக்கு வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இடமும் வாங்கியிருந்தேன். வாங்க முடியாமல் போனது, பெரியப்பாவின் வாயிலிருந்து 'சரி' என்கிற ஒரே ஒரு சொல்லைத்தான். அது கிடைக்கும்வரை கடையில் உட்கார் என்றார்கள். அந்தக் கோடை முழுவதும், ஊர்ப் பெண்கள் கலைத்துப்போட்ட சேலைகளை நான் மடித்துக்கொண்டிருந்தேன். (ஒருவர்கூட முதலில் எடுத்த சேலையை வாங்குவதில்லை. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு எனக்குக் கோபம் இருக்கிறது.)

தீக்காக்கையைத் தெரியாதவர்களுக்கு: அது காக்கை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில், வெயில் நுழையாத காடாகப் பார்த்து வாழும் பறவை. ஆணுக்குத் தலையும் நெஞ்சும் கரி நிறம். அதற்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை. அதற்கும் கீழே, வயிறு முழுக்க, பார்த்தவர்கள் பேச்சை மறந்துபோகும் சிவப்பு. இத்தனை அலங்காரத்தையும் வைத்துக்கொண்டு அது என்ன செய்யும் தெரியுமா? யாரோ வருகிறார்கள் என்று தெரிந்ததும் மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். முதுகு வெறும் பழுப்பு. ஆடாது, அசையாது. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்கிறவளை என்னவென்று சொல்வீர்கள்? நான் திமிர் என்பேன். புத்தகங்கள் 'கூச்ச சுபாவம்' என்கின்றன.

இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டது. நேரில் பார்த்ததில்லை. கல்லூரியிலிருந்து ஒருமுறை போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனபோது, மரங்களுக்குள்ளிருந்து அதன் குரலை மட்டும் கேட்டேன். குரலைக் கேட்ட ஒரே தகுதியில் என்னை நான் நிபுணியாக நியமித்துக்கொண்டேன்.

அன்று மாலை கல்லாவில் பேச்சு வந்தது.

"ஏத்தா அகிலா, நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றார் பெரியப்பா. அவர் யோசித்துப் பார்த்துவிட்டேன் என்றால் மறுத்துவிட்டேன் என்று அர்த்தம். "டாக்டருக்குப் படிக்கிறாக, டீச்சருக்குப் படிக்கிறாக. குருவி பாக்குறதுக்கு ரெண்டு வருசம் படிப்பா? அதான் ஆண்டவன் கண்ணக் குடுத்திருக்கான்ல?"

"ஆமாண்ணே" என்றார் அப்பா.

"எல்லாக் கண்ணுக்கும் தெரியாது பெரியப்பா. காட்டுல பறவை பாக்க பழகுன கண்ணு வேணும். அதுக்குத்தான் படிப்பு."

"அப்படி எந்தக் குருவி நம்ம கண்ணுக்குத் தெரியாம போயிரும்?"

"தீக்காக்கை!" என்றேன். சொல்லும்போதே அந்த அரக்குச் சேலையை விரித்துப் போட்டேன். "இந்தக் கலர்ல இருக்கும். தலைக்கு மேலயே உக்காந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாங்க, காட்டுறேன்!"

பெரியப்பா சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காட்டு" என்றார். "நீ சொல்ற மாதிரி அது படிச்சவக கண்ணுக்குத்தான் தெரியும்னா, போ, போய்ப் படி. நான் குறுக்க நிக்கல."

"ஆமாண்ணே" என்றார் அப்பா. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவின் தலையாட்டல் எனக்குச் சாதகமாக விழுந்தது.

ஒப்பந்தம் அவ்வளவுதான். ஒரு பறவைக்கு ஒரு படிப்பு. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விதிமுறைகளைப் போட்டேன். விடியும் முன்னே கிளம்ப வேண்டும். பளிச்சென்ற நிறம் கூடாது. பச்சையோ பழுப்போ உத்தமம். சென்ட் கூடாது. காட்டுக்குள் பேச்சு கூடாது. போன் மணி அடிக்கக் கூடாது. குழுவில் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எங்கள் குடும்பத்தில் கட்டைவிரல் உயர்ந்தால் யாரும் படிக்கவில்லை என்று பொருள். அது எனக்கு அப்போது புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்து நின்றது. பெரியப்பா இறங்கிவந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டிலும் கத்தி போல மடிப்பு. நிலா தேவையில்லை என்னும் அளவுக்கு வெளிச்சம்.

"பெரியப்பா! வெள்ளை வேணாம்னு போட்டிருந்தேன்ல?"

"ஜவுளிக்கடைக்காரன் கசங்குன சட்டையோட வெளிய போனா யாருத்தா நம்ம கடைக்கு வருவா?"

"காட்டுல யாரு வரப்போறா?"

"யாரு கண்டா?" என்றார்.

அடுத்து அத்தை. அப்பாவின் தங்கச்சி. உத்தமபாளையம் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அழைக்காமலே முதல்நாளே வந்து இறங்கியிருந்தார். அத்தையைப் பொறுத்தவரை இறக்கை முளைத்த எதுவும் திருட்டுக் கழுதை. மயில், மைனா, கிளி, எல்லாம் பழத்தில் வாய் வைப்பவை. அத்தை வரப்பில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் பக்கத்துத் தோட்டத்துப் பறவைகளும் சேர்ந்து எழுந்து போகும். அந்தத் தொண்டையோடுதான் அவர் தீக்காக்கை பார்க்கக் கிளம்பியிருந்தார். கட்டியிருந்தது கிளிப்பச்சையில் அகல ஜரிகை போட்ட பட்டு.

"நீதானடி பச்சை கட்டச் சொன்ன?"

கடைசியில் அப்பா. நெற்றி நிறைய திருநீறு, உடம்பு நிறைய சந்தன சென்ட். பார்க்காமலே சொல்லிவிடலாம், அப்பா வருகிறார் என்று.

அம்மாவுக்குக் கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளாது. அதனால் அவர் வரவில்லை. தனக்குப் பதிலாகச் சாப்பாட்டை அனுப்பினார். புளியோதரை ஒரு தூக்கு, உருளைக்கிழங்கு ஒரு தூக்கு, கோழி வறுவல் ஒரு தூக்கு. அத்தை கோழித் தூக்கைத் திறந்து, மேலே ஒரு அடுப்புக்கரித் துண்டையும் ஒரு இரும்பு ஆணியையும் வைத்து மூடினார். கறியோடு மலைக்குப் போனால் காத்துக் கருப்பு பின்னாலேயே வருமாம். (பேயை விரட்ட ஆணி. பறவையை விரட்ட அத்தை. எல்லா ஏற்பாடும் பலமாகத்தான் இருந்தது.)

போடியைத் தாண்டி அடிவாரத்துச் சாமிக்கு முன்னால் ஜீப் நின்றது. மலை ஏறுகிற வண்டி அங்கே ஒரு தேங்காய் உடைக்காமல் போகாது. அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பெரியப்பா உடைத்த தேங்காய் உள்ளே அழுகலாக இருந்தது. எல்லார் முகமும் மாறியது.

"இது சரியில்லையே" என்றார் பெரியப்பா.

"ஆமாண்ணே."

"தேங்காய் பழசு, அவ்வளவுதான்! நேரமாச்சு பெரியப்பா, வெளிச்சம் வந்துட்டா பறவை உள்ள போயிரும்!"

"அழுகல் தேங்காயோட மலை ஏறச் சொல்றியா? இவ்வளவு படிச்சுட்டு?"

ஜீப் திரும்பிப் போடிக்கே வந்தது. கடைகள் திறந்திருக்கவில்லை. ஒரு கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பி வரவழைத்து, அத்தை ஒவ்வொரு தேங்காயாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மறுபடி அடிவாரம், மறுபடி உடைப்பு. இது வெள்ளையாக விரிந்தது. சாமிக்குத் திருப்தி. பள்ளத்தாக்கு முழுக்க வெயில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வளைவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏலத்தோட்டம் பெரியப்பாவுக்குத் தெரிந்தவருடையது. ஏலச்செடிக்கு நிழலுக்காகப் பெரிய பெரிய காட்டு மரங்களை அப்படியே விட்டிருந்தார்கள். கோடை மழை பெய்த வாரம், மண் நனைந்து கிடந்தது. ஜீப்பை விட்டு இறங்கிய உடனேயே எனக்கு அந்தக் குரல் கேட்டது. மெத்தென்று, நிறுத்தி நிறுத்தி, 'க்யூ... க்யூ...' என்று, சரிவுக்குக் கீழே.

"தீக்காக்கை!" என்றேன் கிசுகிசுப்பாக. "யாரும் அசையாதீங்க. நான் போய் எங்கன இருக்குன்னு பாத்துட்டு வந்து உங்களக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் ஜீப்ப விட்டு நகரக் கூடாது. பேசக் கூடாது. அத்தை, குறிப்பா நீங்க."

"நான் என்னடி பேசப்போறேன்?" என்றார் அத்தை, எதிர்மலைக்குக் கேட்கும்படி.

குரல் நின்றுவிட்டது.

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினேன். பத்தடி போவதற்குள் வழுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே கொஞ்ச தூரம் பயணம் செய்தேன். குரல் மறுபடி வலப்பக்கம் கேட்டது. வலப்பக்கம் போனேன். பிறகு இடப்பக்கம் கேட்டது. இடப்பக்கம் போனேன். கால்சட்டைக்குள் அட்டைகள் குடியேறின. பிடுங்கப் பிடுங்க வந்தன. அவற்றோடு நின்று சண்டை போட எனக்கு நேரமில்லை. போகட்டும், குடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பார்த்தேன்! ஒரு தாழ்ந்த கிளையில், நிமிர்ந்து, அசையாமல், பழுப்பு முதுகைக் காட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. புத்தகத்தில் போட்டது போட்டபடி. கூட்டிவரப் போனால் பறந்துவிடும். ஆகவே அது திரும்பும் வரை காத்திருப்பது, சிவப்பு தெரிந்ததும் படம் எடுப்பது, அதன் பிறகு பெரியப்பாவை அழைப்பது என்று திட்டம் போட்டேன். சேற்றில் மண்டி போட்டேன். காத்திருந்தேன். கால் மரத்துப்போனது. அது திரும்பவில்லை. முதுகையே விதவிதமாகப் படம் எடுத்தேன். 'என்ன பொறுமை! என்ன கட்டுப்பாடு!' என்று வியந்தேன். (என்னுடையதையும் சேர்த்து.)

கடைசியில் ஒரு காற்று அடித்தது. தீக்காக்கை காம்போடு கழன்று, சுழன்று சுழன்று, என் மடியில் விழுந்தது.

இலை. பெரிய, காய்ந்த, பழுப்பு இலை.

அதைக் கையில் பிடித்தபடி நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல விரும்பவில்லை. மேலே ஜீப் பக்கமிருந்து ஒரே கூச்சல். அத்தையின் சத்தம், அப்பாவின் சத்தம், தூக்குவாளி உருளும் சத்தம். ஐயையோ, போச்சு, இந்த மலையில் இனி ஒரு பறவை மிஞ்சாது என்று கொதித்துக்கொண்டு சரிவில் ஏறினேன். என்ன என்ன கேட்க வேண்டும் என்று ஏறும்போதே வரிசைப்படுத்திக்கொண்டேன்.

கேட்க விட்டால்தானே? நால்வரும், டிரைவர் பாபு அண்ணன் உட்பட, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் போல நின்றிருந்தார்கள்.

"எங்கத்தா போன?" என்றார் பெரியப்பா. குரலில் அப்படி ஒரு பரவசம். "இப்பத்தான் போச்சு!"

"எது?"

"உங்காக்கா!"

"எங்காக்கா?"

"தீக்காக்காடி!" என்றார் அத்தை. "இந்தா, இந்தக் கொம்புல! எம்புட்டு நேரம்! பந்தியில உக்காந்தாப்புல உக்காந்திருந்துச்சு!"

நடந்தது இதுதான். நான் போனதும் அவர்களுக்குப் பசித்தது. பேசக் கூடாது என்றுதானே சொன்னேன், சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லையே என்று தூக்கைத் திறந்தார்கள். வாசனைக்குக் குரங்குகள் வந்தன. மரம் மரமாகத் தாவி, கிளைகளைக் குலுக்கி, உருளைக்கிழங்குத் தூக்கைப் பறித்துக்கொண்டு போயின. கிளைகள் குலுங்கியதில் இலைக்குள் ஒளிந்திருந்த பூச்சிகளெல்லாம் பறந்தன. பூச்சிகளைத் தின்ன ஒரு கூட்டம் பறவை வந்தது. கூட்டத்தோடு தீக்காக்கையும் வந்தது. குரங்குக்குப் பின்னால் பறவை வரும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதற்குக் கோழி வறுவல் வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

"முதுகைக் காட்டிட்டுத்தான் இருந்திருக்கும்" என்றேன். அதையாவது விட்டுக்கொடுக்க மனமில்லை.

"முதுகா? நெஞ்ச நிமித்தி எங்களப் பாத்துட்டு இருந்துச்சு" என்றார் அப்பா. அண்ணன் வாய் திறக்கும் முன் அப்பா பேசி நான் பார்த்தது அன்றுதான்.

"நான் சூச்சூன்னு வெரட்டிக்கூடப் பாத்தேன்டி" என்றார் அத்தை.

"வெரட்டினீங்களா?"

"பழக்கத்துல கை போயிருச்சு. தோட்டத்துல கத்துறாப்புல ஒரு கத்து. குரங்கு ஓடிருச்சு, இவன் நகரல. தலையச் சாச்சு என்னயப் பாக்குறான்! நல்லா வளத்த வீட்டுப் பிள்ளடி அது. பழத்துல வாய் வைக்காதாமே?"

பெரியப்பா அந்தக் கிளையை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆனா ஒண்ணு. நீ கடையில அரக்குன்னு சேலைய விரிச்சுக் காட்டுன பாரு, அது தப்பு."

"என்ன தப்பு?"

"அரக்கு இல்லத்தா. செம்பருத்தி. நல்லா வெயில்ல பூத்த செம்பருத்தி. மேல கருப்புக்கும் கீழ செவப்புக்கும் நடுவுல வெள்ள, நூலு புடிச்சாப்புல. றெக்கையில பொடிக்கோடு, சட்டைத்துணி மாதிரி. முப்பது வருசமா துணி விக்கிறேன், இப்படி ஒரு பார்டர் எவனும் நெய்யல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் அடுத்து வரப்போவது தெரிந்தது.

"ஏத்தா. படிச்ச கண்ணுக்குத்தான் தெரியும்னியே."

பெரியப்பா விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"நான் எட்டாவது. ஒங்கத்தை அஞ்சாவது. பாபு தூங்கிட்டு இருந்தான், முழிச்சுப் பாத்துட்டு மறுபடி தூங்குனான். எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. இதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்?"

"ஆமாண்ணே" என்றார் அப்பா.

கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும்போது நான் வழக்காடினேன். "பாத்தா போதுமா? அது ஏன் இங்கன வந்துச்சுன்னு தெரியுமா? என்ன திங்குது, எங்கன கூடு கட்டுது, இந்த நிழல் மரத்த வெட்டுனா அது என்ன ஆகும்னு யாரு கண்டுபிடிப்பா? அதுக்குத்தான் படிப்பு!" எல்லாம் நியாயமான வாதங்கள். இன்றைக்கும் ஒரு சொல்லை மாற்றமாட்டேன். ஆனால் அத்தை தன் போனில் எடுத்த படத்தை ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். படத்தில் முக்கால்வாசி அத்தையின் முகம். தோளுக்கு மேலே, மூக்குத்திக்குப் பக்கத்தில், தெளிவாக, செம்பருத்திச் சிவப்பில், எங்களூர் எம்.எல்.ஏ. போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தீக்காக்கை.

"நீ எடுத்ததக் காட்டுடி" என்றார் அத்தை.

"ஒண்ணும் எடுக்கல" என்றேன். அதற்குள் அவர் என் கேமராவைப் பிடுங்கி நகர்த்தத் தொடங்கிவிட்டார். முதல் படம், இலை. அடுத்தது, இலை. கொஞ்சம் பக்கவாட்டில், இலை. மிக அருகில், இலை.

"என்னடி, எல்லாமே எலையா இருக்கு?"

எனக்குத் தெரிந்த அத்தனை பறவைகளின் பெயரும் மறந்துபோய்விட்டது. அழுகை வந்தது. அவமானத்தில் வந்ததா, சேர முடியாத அந்தக் கல்லூரியை நினைத்து வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. சேருவதற்கு அந்த வாரம்தான் கடைசி. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜீப்புக்கு வெளியே கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து அப்பா ஒரு பாலிதீன் பையைக் கொடுத்தார்.

மறுநாள் நான் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரே தேவையில்லாத அத்தை.

"அண்ணே, எனக்கு ராத்திரியெல்லாம் மனசே சரியில்ல. பிள்ள அழுதுட்டே வந்துச்சுல்ல."

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற?"

"பாவம்ணே அது. தூங்குற டிரைவருக்குத் தெரியுது, அதுக்குத் தெரியல. எலையப் பாத்துக் காக்காங்குது. அதுவா ஆசப்பட்டு, நான் அத நல்லாப் பாக்கப் பழகணும்னு கேக்குது. கணக்கு வராத பிள்ளைய டியூசன்ல சேக்குறோம்ல? அந்த மாதிரி நினைச்சு அனுப்பிச்சு வைங்க. அங்கன பெரிய பெரிய வாத்தியாருக இருப்பாக, கையப் புடிச்சுக் காட்டுவாக."

பெரியப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அவ்வளவு இரக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பரிதாபம் என்பது இவ்வளவு எரிச்சலூட்டும் என்றும் எனக்குத் தெரியாது.

"ஏத்தா, உனக்கு உண்மையிலயே தெரியலயா?"

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த பறவைகளின் பட்டியலைச் சொல்லி, ஜன்னல் வழியே தெரிந்த மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சானைச் சுட்டி, அதன் வால் எப்படிப் பிளந்திருக்கிறது என்று விளக்கியிருக்க வேண்டும். நெஞ்சு வரைக்கும் அது வந்தது. சொன்னால் மானம் மிஞ்சும். சொல்லாவிட்டால் படிப்பு கிடைக்கும்.

"தெரியல பெரியப்பா" என்றேன்.

"சரி" என்றார். "போய்ப் படி. நல்லாக் கத்துக்குடுப்பாக."

"ஆமாண்ணே" என்று உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

அந்தச் 'சரி'க்குத்தான் நான் கோடை முழுக்கக் காத்திருந்தேன். அது எந்தக் கோலத்தில் வந்து சேர்ந்தது பாருங்கள்! வகுப்பில் மற்றவர்களெல்லாம் திறமைக்காக அனுப்பப்பட்டவர்கள். நான் ஒருத்திதான் குறைபாட்டுக்காகச் சேர்க்கப்பட்டவள். இதோடு விட்டார்களா? கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் சோதித்துப் பார்த்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்பா கவலையோடு கேட்டார்: "அப்ப எதனால டாக்டர்?"

இன்றைக்கு அத்தையின் வாட்ஸ்அப் முகப்பில் அந்தப் படம்தான். பெரியப்பா, கடைக்கு வருகிற விற்பனைப் பிரதிநிதிகளிடம் செம்பருத்தி உடம்பு, கறுப்பு முந்தானை, நடுவில் நூல் பிடித்த வெள்ளை என்று நெய்யச் சொல்லி ஆர்டர் கொடுக்கிறார். போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா, நூறு பேர் நடுவில், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏப்பா, எம்மகளுக்கு மொதல்ல எலையப் போடு. அது எலையத்தான் நல்லாப் பாக்கும்." பந்தி முழுக்கச் சிரித்தது. மணமேடையில் மாப்பிள்ளையும் சிரித்தார். அவரை எனக்கு யாரென்றே தெரியாது.

இப்போது எனக்கு இரண்டாம் ஆண்டு. ஆய்வுக்குத் தீக்காக்கையைத்தான் எடுத்திருக்கிறேன், வீம்புக்கு. எங்கள் பேராசிரியர் அம்மா போன வாரம் கேட்டார்: "நீ நேர்ல பாத்த இடம் ஏதாவது இருக்கா? அங்க இருந்தே ஆரம்பிக்கலாம்."

நான் பொய் சொல்லவில்லை. "எங்க வீட்ல எல்லாரும் பாத்திருக்காங்க, மேடம்" என்றேன்.

அவர், "அப்ப அவங்களக் கூட்டிட்டுப் போ. எந்த மரம், எந்தக் கிளைன்னு குறிச்சுட்டு வா" என்றார்.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம். பெரியப்பா சட்டைக்கு இஸ்திரி போடக் கொடுத்துவிட்டார். அத்தை வந்து இறங்கிவிட்டார். அம்மா கோழிக்குச் சொல்லியிருக்கிறார். பேசக் கூடாது, சென்ட் கூடாது என்றெல்லாம் நான் இம்முறை ஒரு வரியும் போடவில்லை. குரல் வலப்பக்கம் கேட்டாலும் சரி, இடப்பக்கம் கேட்டாலும் சரி, நான் ஜீப்பை விட்டு இறங்குவதாக இல்லை. வறுவல் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறேன். அவர்களுக்கு வேண்டுமானால் அது மறுபடி நெஞ்சை நிமிர்த்திக் காட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு முதுகு போதும். புத்தகத்தில் போட்டிருக்கிற அந்தப் பழுப்பு முதுகு. அதையாவது நான் பார்க்க வேண்டாமா?